2.5-ம் 2.50-ம் ஒண்ணா?

டி20 மேட்ச் பார்க்கிறீங்க. ஸ்கோர் 150, ஓவர் 19.4. ரன் ரேட் என்ன? கால்குலேட்டரை எடுத்து 150-ஐ 19.4-ஆல் வகுத்தா 7.73 வரும். ஆனா அது தப்பு. 19.4 என்றால் 19 ஓவர் முடிஞ்சு 4 பந்து. ஒரு ஓவருக்கு 6 பந்து என்பதால், 4 பந்து என்பது 4/6 ஓவர், அதாவது சுமார் 0.67. சரியான விடை 7.63.

அப்போ 19.4-ல் இருக்கிறது தசமப் புள்ளியே இல்லை. ஓவரையும் பந்தையும் பிரிச்சுக் காட்டும் ஒரு குறி, அவ்வளவுதான்.

உண்மையான தசமப் புள்ளி, ஒன்றின் இடம் எங்கே முடிகிறது என்று சொல்கிறது. அங்கிருந்து இடப்பக்கம் போகப் போக ஒவ்வொரு இடத்தின் மதிப்பும் பத்து மடங்கு கூடும். வலப்பக்கம் போனால் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 3.14 என்பது 3 + 1/10 + 4/100. அதனால்தான் அதை 'மூன்று புள்ளி ஒன்று நான்கு' என்று படிக்கிறோம். 'மூன்று புள்ளி பதினான்கு' என்று படிச்சுப் பழகினா, 3.9-ஐ விட 3.11 பெரிசுன்னு தோணும். எண்ணாகப் பார்த்தால் 3.9 தான் பெரிசு. பைத்தான் வெர்ஷனில் மட்டும் 3.9-க்குப் பிறகுதான் 3.11 வந்தது. ஏன்னா அங்கேயும் புள்ளி வெறும் பிரிப்புக் குறிதான்.

இப்போ தலைப்புக்கு வருவோம். கணக்கில் 2.5-ம் 2.50-ம் சமம். லேபில் அப்படி இல்லை. ஒரு கம்பியின் விட்டம் 2.5 மி.மீ. என்று எழுதினால், உண்மையான அளவு 2.45-க்கும் 2.55-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். 2.50 என்றால் 2.495-க்கும் 2.505-க்கும் நடுவில். அந்தக் கடைசி பூஜ்ஜியம், 'நூறில் ஒரு பங்கு வரை பார்த்துட்டேன், அங்கே பூஜ்ஜியம்தான் இருந்தது' என்று சொல்கிறது. 0.01 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள ஸ்குரூ கேஜில் அளந்துவிட்டு 2.5 என்று எழுதினால், செஞ்ச வேலையை நீங்களே குறைச்சுச் சொல்றீங்க. சாதாரண ஸ்கேலில் அளந்துட்டு, கால்குலேட்டர் காட்டிய எட்டு இலக்கத்தையும் ரெக்கார்டில் எழுதினால், அளக்காததை அளந்ததாகச் சொல்றீங்க.

இதே பூஜ்ஜியம் மருந்துச் சீட்டில் ஆபத்தாகிவிடும். 1.0 மி.கி. என்று கையால் எழுதும்போது புள்ளி மங்கிப்போனால், படிப்பவருக்கு அது 10 மி.கி. பத்து மடங்கு மருந்து! முன்னால் பூஜ்ஜியம் போடாமல் .5 என்று எழுதினாலும் இதே கதைதான். புள்ளி கண்ணில் படலைன்னா அது 5. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-ல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் இந்த ரெண்டு எழுத்துமுறையையும் சேர்த்தது. 1 மி.கி. என்று எழுதணும், 0.5 மி.கி. என்று எழுதணும். அதே பட்டியலில் ஒரு விதிவிலக்கும் உண்டு: ரத்தப் பரிசோதனை மாதிரியான லேப் முடிவுகளில், எவ்வளவு துல்லியமாக அளந்தார்கள் என்று காட்டத் தேவைப்பட்டால் கடைசி பூஜ்ஜியம் போடலாம்.

பாருங்க, ஒரே பூஜ்ஜியம். அளவைச் சொல்லும் இடத்தில் அது தகவல். மருந்து கொடுக்கச் சொல்லும் இடத்தில் அது அபாயம்.

அதனால அடுத்த தடவை ரெக்கார்டில் விடை எழுதும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு இலக்கத்தையும் நான் உண்மையிலேயே அளந்தேனா? புள்ளி அழிஞ்சுபோனா, படிக்கிறவர் இதை என்னன்னு எடுத்துக்குவார்? ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு பேனாவை வைங்க.