எந்தச் சுரப்பி மிகைத்தது?

மனிதனின் கழுத்தில், தைராய்டுச் சுரப்பியின் பின்புறத்தே, பெரும்பாலோருக்கு நான்காக, அரிசிமணியினும் சற்றே பெரியனவாய் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகளை 1880-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்து எழுதியபோது, அவற்றின் தொழில் இன்னதென்று ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ரத்தத்தில் கால்சியம் குறையுந்தோறும் ஒரு ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவித்தும், சிறுநீரில் வீணாகாமல் தடுத்தும் அதன் அளவைச் சமநிலையில் காப்பதே அவற்றின் தர்மம் என்பது பிற்பாடு விளங்கிற்று.

அந்தத் தர்மம் பிறழ்ந்து, கால்சியம் போதிய அளவு இருக்கும்போதும் சுரப்பி ஓயாமல் சுரக்குமாயின், எலும்பு வலுவிழக்கும்; சிறுநீரகத்தில் கல் சேரும்; சரீரமும் மனமும் சோர்வுறும். சார்லஸ் மார்ட்டெல் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர் இந்நோயால் தம் உயரத்தில் 7 அங்குலத்தை இழந்தார். ஆறு சஸ்திர சிகிச்சைகளிலும் அகப்படாத பாராதைராய்டுக் கட்டி, 1932-இல் நடந்த ஏழாவதில் மார்புக்குள்ளே அகப்பட்டது. ஆயினும் சிறுநீரகக் கல்லின் உபத்திரவம் முற்றிச் சில வாரங்களில் அவர் காலமானார்.

மிகைத்த சுரப்பியை அகற்றுவதே இந்நோய்க்குப் பரிகாரம். பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே சுரப்பிதான் கெட்டிருக்கும். ஏனையோருக்கோ பல சுரப்பிகள் சேர்ந்தே கெட்டிருக்கும். நுண்ணோக்கியின் கீழ் இவ்விரு வகைத் திசுக்களும் சில சமயம் வேறுபாடின்றித் தோன்றுவதால், ஒன்றை அகற்றி மற்றதை விட்டுவிடும் அபாயம் உண்டு. இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிஷங்களே நிலைக்குமாதலால், சுரப்பியை எடுத்த 10 நிமிஷத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறதா என்று சிகிச்சையின்போதே பரிசோதிப்பது இன்று பல இடங்களில் வழக்கம்.

அவ்விரு வகைத் திசுக்களையும் பிரித்தறியத் துணையாக வந்திருப்பதே திசுவின் வளர்சிதைமாற்றப் பொருள்களை அளந்தறியும் முறை. சில மில்லிகிராம் திசுவைக் கரைக்காமலே எடுத்து, வலிய காந்தப்புலத்தில் 54.7 பாகைச் சாய்வில் அதிவேகமாகச் சுழற்றி, அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் சைகைகளைப் பதிவுசெய்தால், லாக்டேட், கோலின், சக்சினேட், குளூட்டமின் முதலியவை அத்திசுவில் எவ்வெவ்வளவு உள்ளன என்பது புலப்படும். ஒற்றைக் கட்டிக்கும் பல சுரப்பி நோய்க்கும் இவ்வகையில் வேறுபாடு உண்டென்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பருமனையும் வடிவத்தையும் மட்டும் கொண்டு ஒரு சுரப்பியின் குணத்தை நிச்சயிப்பது போதாது. அது எதை உண்டு எதை ஆக்குகிறது என்பதையும் விசாரித்தறிவதே நியாயம். அதிக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு இம்முறை உறுதிப்படுமாயின், மார்ட்டெல் அனுபவித்ததைப் போல மீண்டும் மீண்டும் கத்திக்கு உட்படும் துன்பம் பலருக்கு நீங்கும்.