துப்பாக்கி முனையில் துளைகள் ஏன்?

பொன்முடி மலையடிவாரத்து வித்துராவிலிருந்து திருவனந்தபுரம் வந்தால், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்த வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. போட்டிக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் குழல் நுனியின் மேல்பக்கம் துளைகள் தெரியும். அதுதான் காம்பென்சேட்டர்.

அழுத்திய காற்று, அரை கிராம் ஈயக் குண்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. பின்னால் வரும் காற்று துளை வழியே மேலே பீறிட்டால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி முனை கீழே அழுந்தும், துள்ளல் குறையும். குழலை விட்டு வெளியேறும் குண்டைக் காற்று முந்திப் பாய்ந்து உலுக்குவதும் குறையும். எனக்கு இதுவே பெரிய பயனாகப் படுகிறது.

வாயுவால் இயங்கும் ஏர்சாஃப்ட் பிஸ்டலில் கதை வேறு. அதன் 0.2 கிராம் பிளாஸ்டிக் மணியின் உந்தம், நிஜமான 9 மி.மீ. தோட்டாவின் உந்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கை உணரும் உதைப்பு, பின்னோக்கி ஓடும் ஸ்லைடு என்ற மேல்பகுதியால் வருவது. வாயுவில் பெரும்பகுதி ஸ்லைடைத் தள்ளவே போய்விடும். முனைக்கு மிஞ்சுவது சொற்பம். ஆக, துளைகள் பெரும்பாலும் அலங்காரம்தான்.

காம்பென்சேட்டரின் எடை தரும் பயன் மட்டும் நிஜம். முனையில் கூடும் கிராம்கள் துள்ளலை மெதுவாக்கும். ஆனால் அந்தச் சுமையை ஸ்லைடில் மாட்டினால் அதன் ஓட்டம் தாமதமாகும், வாயுவும் கூடுதலாகச் செலவாகும். இவ்வகை பிஸ்டல்களில் பெரும்பாலும் வாயுவாகப் பயன்படும் புரொபேனின் ஆவி அழுத்தம் 25 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குள் ஏறக்குறைய கால் பங்கு சரிந்துவிடும். பொன்முடிக் குளிரில் அப்படிப்பட்ட ஸ்லைடு பாதி வழியிலேயே நின்றாலும் வியப்பில்லை.