நிலத்தொடர்பற்ற தாயகம்: இலங்கை முஸ்லிம்களின் தன்னாட்சிக் கோரிக்கை

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கலில் காவிரிக்கு இக்கரை தமிழகம், அக்கரை கருநாடகம். 1956 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பில் மொழியும் நிலத்தொடர்ச்சியும் எல்லை வகுப்பதற்கான முக்கிய அளவுகோல்களாக அமைந்தன. கொள்ளேகால் வட்டம் அவ்வாறே கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து மைசூருக்குச் சென்றது. அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் வாழும் மக்களுக்கு இவ்வளவுகோல் பொருந்தலாம். ஊர்கள் ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் தன்னாட்சி கோரினால் அதற்கு எல்லை வகுப்பது எங்ஙனம்? இலங்கை முஸ்லிம்கள் எழுப்பிய வினா இதுவேயாகும்.

ஆப்பிரிக்காவின் அஃபார் மக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. முஸ்லிம்களான அவர்களுடைய நிலம் தொடர்ச்சியானது. ஆயின் அது எத்தியோப்பியா, எரித்திரியா, ஜிபூத்தி என்னும் மூன்று நாடுகளுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. அவுசாவின் சுல்தான் அலி மிராஹ் தலைமையில் 1975இல் எழுந்த அஃபார் விடுதலை முன்னணி அம்மக்களின் உரிமைக்காகப் போராடியது. 1993இல் எரித்திரியா தனிநாடானபோது அவர்களுக்கிடையே மேலும் ஒரு பன்னாட்டு எல்லை விழுந்தது. அஃபார் மக்களைப் பிரித்தவை நாட்டெல்லைகள். இலங்கை முஸ்லிம்களோ ஒரே நாட்டினுள் வாழ்ந்தும் நிலத்தால் பிரிந்திருக்கின்றனர்.

2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இலங்கை மக்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே சிங்களவரிடையே பரவி வாழ்கின்றனர். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு மாகாணத்தவர். அம்பாறை மாவட்டத்தில் அவர்களே தனிப்பெரும் குழுவினர். அவர்களின் தாய்மொழி தமிழ். ஆயினும் தம்மைத் தமிழர் எனக் கூறிக்கொள்ளாமல் தனிச் சமூகமாகவே கருதுகின்றனர். தமிழகத்து முஸ்லிம்களாகிய நாம் மொழியால் தமிழர், சமயத்தால் முஸ்லிம்கள் என இரண்டையும் இயல்பாகவே சேர்த்துச் சொல்லுகிறோம். ஆதலால் அவர்களுடைய இந்நிலைப்பாடு நமக்கு எளிதில் விளங்குவதில்லை.

1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனித் தமிழீழத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்பின் தம்முடைய இடம் எது என்னும் கேள்வி கிழக்கு முஸ்லிம்களிடையே வலுத்தது. 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையில் 1986 முதல் அது அரசியல் கட்சியாக இயங்கலாயிற்று. 1987 ஜூலையில் கையொப்பமான இந்திய–இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோராகக் குறைந்தனர். அவர்களின் இசைவு கேட்கப்படவில்லை. 1988இல் நடந்த மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 71 இடங்களில் 17ஐப் பெற்று எதிர்க்கட்சியாயிற்று.

இணைப்பு நிலைக்குமாயின் தமக்கெனத் தனி மாகாணம் வேண்டும் என அக்கட்சி கோரியது. அதற்கு அது காட்டிய முன்மாதிரி நம் அண்டையிலுள்ள பாண்டிச்சேரி. தமிழகக் கரையில் பாண்டிச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹி, ஆந்திரத்தில் ஏனாம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொடாமலே ஒரே ஆட்சிப் பகுதியாக விளங்குகின்றன. அவ்வாறே கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை அடித்தளமாகக் கொண்டு, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார் மாவட்டங்களின் முஸ்லிம் பகுதிகளையும் சேர்த்து ஒரு மாகாணம் அமைய வேண்டும் என்பதே அக்கோரிக்கை. இது தனிநாட்டுக் கோரிக்கையன்று. ஒரே நாட்டினுள் அதிகாரப் பகிர்வு வேண்டும் கோரிக்கையே.

இக்கோரிக்கையின் பின்னிருந்த அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதை 1990ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரமே. ஏறத்தாழ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உடைமைகளை இழந்து அகதிகளாயினர். அவர்களுள் மிகப் பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். தன் இனத்திற்குத் தன்னாட்சி கேட்ட இயக்கமே, அதே மொழி பேசும் சிறுபான்மையை அதன் மண்ணிலிருந்து அகற்றியது.

2002 ஏப்ரலில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீமும் செய்துகொண்ட உடன்பாடு, வெளியேற்றப்பட்டோர் திரும்புவதற்கு இசைவு தெரிவித்தது. ஆயினும் அமைதிப் பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு என்னும் நிலை கிட்டவில்லை. 2003 சனவரியில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று கூட்டிய பேரணியில் ஒலுவில் பிரகடனம் வெளியாயிற்று. முஸ்லிம்கள் ஒரு தனித் தேசிய இனம், அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என அது சாற்றியது. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007இல் கிழக்கு மீண்டும் தனி மாகாணமாயிற்று. தனி மாகாணக் கோரிக்கையின் வேகமும் அதனால் தணிந்தது.

கோரிக்கையில் இடர்ப்பாடுகள் இல்லாமலில்லை. கிழக்கில் ஒரு மாகாணம் அமைந்தாலும் கண்டியிலும் கொழும்பிலும் வாழும் முஸ்லிம்களுக்கு அது நேரடிப் பாதுகாப்பாகாது; அவர்கள்மீது ஐயத்தைப் பெருக்கவும் கூடும். முஸ்லிம் மாகாணத்தினுள் சிக்கும் தமிழ், சிங்கள ஊர்களின் உரிமை என்ன என்பதும் உடனே எழும் வினா. 1987இல் முஸ்லிம்கள் கேட்ட அதே கேள்வியை அவ்வூரார் நாளை கேட்பர்.

எனவே இச்சிக்கலை எல்லைக்கோட்டினால் மட்டும் தீர்த்துவிட இயலாது. அதிகாரம் எந்த மட்டத்தில் பகிரப்பட்டாலும், அங்குள்ள சிறுபான்மையின் நிலம், பாதுகாப்பு, பிரதிநிதித்துவம் ஆகியவற்றுக்குச் சட்ட உறுதி வேண்டும். தன்னாட்சி கோரும் எந்த இயக்கத்தையும் மதிப்பிடுகையில் அது ஆட்சியாளரிடம் கேட்பது என்ன என்று மட்டும் நாம் பார்ப்பது போதாது. தன்னுள் வாழும் சிறியோருக்கு அது தர முன்வருவது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் தம் பெயரால் கையொப்பமிட ஒருவரும் இல்லாதிருந்த ஒரு சமூகத்தின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.