சினை மீனும் குட்டிகளும்

மீன் என்றால் முட்டையிடும் என்பதே நம்மில் பெரும்பாலோர் அறிந்த செய்தி. ஆனால் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்பெறும் மீன்களுள் சில, முட்டையை நீரில் இடுவதில்லை. தாயின் வயிற்றுக்குள்ளேயே கரு வளர்ந்து முதிர்ந்து, பிறந்தவுடன் நீந்தும் ஆற்றலுடன் குட்டிகள் வெளிவருகின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் இவ்வகையில் யாவரும் அறிந்தவை. சென்னை கொளத்தூரில் வீட்டின் பின்புறத்திலும் மாடியிலும் தொட்டி வைத்து இம்மீன்களைப் பெருக்கி விற்று வாழும் குடும்பங்கள் பல உள்ளன. தறி ஓய்ந்திருக்கும் நாட்களிலும், அறுவடை முடிந்த மாதங்களிலும் இது துணைத் தொழிலாகுமா என்று நம் அங்கத்தினர் சிலர் வினவியதன் பேரில் இதனை எழுதுகின்றோம்.

அவர்கள் முதலில் கேட்பது, “ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி?” என்பதே. கப்பியின் முதல் ஈற்றில் பத்துக்கும் குறைவாகவே இருக்கலாம். முதிர்ந்த தாய் இருபது முதல் ஐம்பது வரை ஈனும். பெரிய மோலியும் வாள்வாலும் நூற்றையும் தாண்டுவதுண்டு. கப்பி ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். இக்கணக்கைக் கேட்டவுடன் காகிதத்தில் பெருக்கிப் பார்த்து மகிழ்வோர் பலர். விற்பனைக்கு வருவதோ பிறந்த குட்டி அன்று. மூன்று நான்கு மாதம் பிழைத்து வளர்ந்த மீன். சினையின் கடைசி வாரத்திலும், பிறந்த முதல் பதினைந்து நாட்களிலும்தான் இத்தொழிலின் இலாபமும் நஷ்டமும் முடிவாகின்றன.

நெசவாளரும் பயிரிடுவோரும் எல்லாவற்றிற்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது பாத்திரம். சாயம் காய்ச்சிய அண்டா, பூச்சிமருந்து கலக்கிய வாளி ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு உபயோகிக்கலாகாது. மருந்து தெளித்து வந்த கையைத் தொட்டியில் விடுதலும் ஆகாது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்து மீனைக் கொன்றுவிடும். வீட்டிற்குள் கொசு மருந்து அடிப்பதாயினும் தொட்டியை முன்னரே மூடிக் காற்றுக் குழாயையும் நிறுத்திவிட வேண்டும். செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் வீட்டிற்குப் பெருமையாயினும் மீனுக்கு நஞ்சு. புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியின் சுண்ணாம்புக் காரம் போகும் வரை, இரண்டு மூன்று வாரமேனும் நீரை நிரப்பி நிரப்பிக் கொட்டுதல் அவசியம்.

நீரைப் பற்றி ஒரு நற்செய்தியும் உண்டு. பருப்பு வேகாத கடின நீர் என்று நாம் குறை கூறும் கிணற்று நீர் இம்மீன்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மோலிக்குச் சிறிது உப்புக் கலந்த நீரும் ஏற்றதே. குழாய் நீராயின், குளோரின் நீங்குமாறு ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுக. நீர் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது நலம்.

இனிச் சினையைப் பார்ப்போம். பெண் மீனின் வயிற்றின் பின்பகுதியில், கழிவுத் துவாரத்தை அடுத்து, ஒரு கரிய நிழல் தோன்றும். நாளாக ஆக அது பெரிதாகிக் கருமை கூடும். வெளிறிய நிறக் கப்பியில் குட்டிகளின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் உண்டு. கரிய மோலியில் இந்நிழல் தெரியாது. ஈனும் நாள் நெருங்கியதும் வயிறு உருண்டை வடிவம் மாறிப் பெட்டி போல் சதுரப்படும். மீன் கூட்டத்தை விட்டு விலகி மூலையில் ஒதுங்கும், இரையை வெறுக்கும்.

இந்நிலை வந்த பிறகு அதனைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவதுதான் நாம் பலவிடத்தும் கண்ட தவறு. வலையில் துரத்தப்பட்ட அதிர்ச்சியால் தாய் குறைப்பிரசவம் காணும்; கருமஞ்சள் வயிற்றில் ஒட்டிய குட்டிகள் அடியில் கிடந்து மடியும். ஆகவே ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் ஈற்றுப் பெட்டியில் தாயை நாட்கணக்கில் அடைத்து வைப்பதை நாம் விரும்பவில்லை. இருபது லிட்டர் கொள்ளும் அகன்ற தொட்டி ஒன்று போதும். கிண்ணத்தில் ஏந்தி, பழைய தொட்டியின் நீரோடு மாற்றினால் மீனுக்குத் துன்பம் குறையும்.

ஈன்ற தாயே தன் குட்டியை இரையென்று விழுங்கும். இதைக் கண்டு சில வீட்டுப் பெண்கள் மனம் நொந்து தொழிலையே விட எண்ணியதுண்டு. மீனுக்கு அது குட்டி என்னும் அறிவில்லை. அசைவதெல்லாம் அதற்கு உணவே. குட்டி ஒளிய இடம் தந்தால் பெரும்பகுதி தப்பிவிடும். மிதக்கும் நீர்ச்செடி அடர்த்தியாக இருப்பது மிக நன்று. அது கிடைக்காதவிடத்து, சாயமேறாத நைலான் நூல் கழிவைக் கொதிநீரில் அலசி, குஞ்சம் போலக் கட்டித் தொங்கவிடலாம். பருத்தி நூல் ஆகாது, அழுகும். கஞ்சி ஏறிய பாவு நூலோ ஒரே இரவில் நீரைக் கெடுத்துவிடும். ஈன்று முடிந்ததும் தாயை அகற்றி, ஆண் மீன்களின் தொல்லையின்றி இரண்டு நாள் ஓய்வும் நல்ல இரையும் அளித்திடுக.

குட்டிகளின் வாய் சிறிது, வயிறும் சிறிது. ஆதலால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, சிறிது சிறிதாக இரை தரவேண்டும். புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு நிகரான இரை வேறில்லை. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் வரை அயோடின் கலவாத உப்பைக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைத் தூவி, வெளிச்சத்தில் வைத்துக் காற்றுச் செலுத்தினால், 24 முதல் 36 மணி நேரத்தில் செந்நிறப் புழுதி போலப் பொரித்துவிடும். ஓட்டை நீக்கி, நன்னீரில் அலசி இடுக. வடிகட்டிய மொய்னாவும் நன்று. அவித்த கோழி முட்டையின் மஞ்சட் கருவும் உதவும். ஆனால் ஊசி முனையளவுக்கு மிஞ்சினால் நீர் நாறும். பட்டினியால் சாகும் குட்டியைவிட மிஞ்சிய இரை அழுகிச் சாகும் குட்டியே அதிகம் என்பது நம் அனுபவம். அழுகலில் பிறக்கும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. நீர் தெளிவாகவே இருக்கும். எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்கசடை உறிஞ்சி எடுத்து, நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். வடிகட்டிக்குக் குட்டியை இழுத்துக்கொள்ளாத பஞ்சு வகையே ஏற்றது.

கப்பிக் குட்டி நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆண் பெண் தெரியும். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல் நீளும். நிறமும் ஏறத் தொடங்கும். அப்பொழுதே பிரிக்கத் தவறினால், உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே இனம் பெருகும். ஒருமுறை கூடிய பெண், ஆணின் வித்தை உள்ளே சேமித்து வைத்து, பின்னர் ஆணைக் காணாமலே பல ஈற்றுகள் ஈனும். கடைத் தொட்டியிலிருந்து வாங்கும் வளர்ந்த பெண் மீன் எவ்வாணின் வித்தைச் சுமந்து வருகின்றது என்று விற்பவரும் அறியார். நல்ல இனம் வேண்டுவோர், தனித்து வளர்த்த இளம் பெண் மீன்களையே கேட்டு வாங்குக.

கப்பி என்னும் பெயர் ஒரு மனிதரின் பெயர் என்பது சுவையான செய்தி. பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1859இல் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த இம்மீனை விவரித்து ஒரு பெயரிட்டார். அதனை அறியாத குந்தர் என்பார், டிரினிடாடிலிருந்து கப்பி என்பவர் இலண்டனுக்கு அனுப்பிய மீனுக்கு 1866இல் அவர் பெயரையே சூட்டினார். அறிவியல் நூல்களில் பீட்டர்ஸ் இட்ட பெயர் நின்றது. சந்தையில் கப்பியே நின்றது. அயல்நாட்டு மீனாதலால், மிஞ்சியவற்றை ஏரி குளங்களில் கொட்டிவிடுதல் தகாது. அங்குள்ள நம் சிறு மீன்களுக்கு அவை போட்டியாகும்.

இத்தொழிலைத் தொடங்கும் அங்கத்தினர் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டுகின்றோம். தாய் மீன், ஈன்ற தேதி, பிறந்தவை, பதினைந்தாம் நாள் இருந்தவை, அறுபதாம் நாள் இருந்தவை என ஐந்து பத்திகள் போதும். மூன்றாம் பத்திக்கும் நான்காம் பத்திக்கும் இடையே பெரும் வீழ்ச்சி காணின் இரையையும் நீரையும் ஆராய்க. ஒரே தாயின் வழியில் வளைந்த முதுகுடைய குட்டிகள் மீண்டும் மீண்டும் தோன்றினால், அவ்வழியை விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒதுக்கிவிட்டு, அடுத்த வீட்டு அங்கத்தினரிடம் ஆண் மீனைக் கேட்டு மாற்றிக்கொள்க. மாற்றிக்கொண்ட மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.