புது வீட்டுக்குப் பழைய சாவியா?

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நமக்குப் பூட்டு என்பது பெரிய விஷயமாக இருந்ததே இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்தி, நாதாங்கியில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போன காலமும் உண்டு. அந்நிய முகம் ஒன்று லயத்துக்குள் நுழைந்தால் போதும், "யாருப்பா நீ? யாரைத் தேடுறே?" என்று பத்து வாய் கேட்கும். அந்தப் பத்து வாய்தான் நமக்குப் பூட்டு!

இன்று நம்மில் பலர் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டோம். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் வேலைக்கு ஓடுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள். அந்தக் கதவின் சாவி வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது என்று என்றாவது யோசித்தீர்களா?

என் தங்கை யோசிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினார்கள். சுவருக்குச் சாயம் அடித்தார்கள். தோரணம் கட்டிப் பால் காய்ச்சினார்கள். பூட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பகல் வேளை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும். முன்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டு, அம்மாதான் வந்துவிட்டாள் என்று ஓடினார்கள். உள்ளே வந்து நின்றவர் முன்பின் தெரியாத ஓர் ஆள்! அவரும் திடுக்கிட்டுப் போனார். முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவராம். விட்டுப்போன கேஸ் தோம்பை எடுக்க வந்தாராம். வீடு கைமாறியதே அவருக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பூட்டு நல்லாத்தானேக்கா இருந்துச்சு, ஏன் மாத்தணும்னு நெனச்சேன்" என்று தங்கை அழுதாள். வந்தவர் நல்லவர். அது அவளுடைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பியா நாம் பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகிறோம்?

பூட்டுக்குக் கண் இல்லை

நம் வீட்டுக் கதவுப் பூட்டுகளில் பெரும்பாலானவை, 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் செம்மைப்படுத்திய முறையில் அமைந்தவை. உருளைக்குள்ளே சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். சாவியின் பற்கள் அந்த ஊசிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். சாவியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பூட்டு பார்ப்பதில்லை. பல் பொருந்தினால் திறந்துவிடும். பழைய சொந்தக்காரர், வாடகைக்கு இருந்தவர், வீட்டு முகவர், சாயம் அடித்தவர் என்று எத்தனை பேர் கையில் அந்தச் சாவி இருந்ததோ! சாவிக் கடையில் நகல் எடுக்கச் சில நிமிடம் போதும்.

புத்தம் புதிய வீடாயினும் வேலையாட்கள் பலர் புழங்கிய வீடுதானே? அங்கும் பூட்டை மாற்றுவதே நல்லது. உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடு என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தாலோ தாழ்ப்பாள் பொருந்தாமல் போனாலோ, வீடு கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட்டுச் செலவின்றிப் பழுது பார்க்கச் சொல்லலாம்.

எப்படி மாற்றுவது?

உருண்டைப் பிடிப் பூட்டை வீட்டு ஆண்களோ பெண்களோ ஒரு திருப்புளியைக் கொண்டே மாற்றிவிடலாம். பழைய பூட்டைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். கதவின் கனத்தையும், கதவு விளிம்பிலிருந்து துளையின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தையும் அளந்து செல்லுங்கள். இந்தத் தூரம் பெரும்பாலும் 60 அல்லது 70 மில்லிமீட்டராக இருக்கும். சில பூட்டுகளில் உள்ளே இருக்கும் உருளையை மட்டும் மாற்றினாலே போதும், செலவு குறையும்.

கிரில் கதவில் தொங்கும் பூட்டையும் மறக்காதீர்கள். நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலே கழற்றிவிடலாம். கதவைச் சாத்தியதும் திருகாணி மறையும்படி அமையுங்கள். பின்கதவுக்கு உட்புறம் ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னலில் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட முடியும். உட்புறம் கம்பி அவசியம்.

வாடகை வீடாயிருந்தால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். பழைய பூட்டைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது திருப்பிப் பொருத்திவிடலாம்.

தாய்மார்கள் கவனத்துக்கு

சாவியைப் பூந்தொட்டியின் அடியிலும் காலணிக்குள்ளும் வைப்பதை இன்றோடு விடுங்கள். நாம் ஒளிக்கும் இடமெல்லாம் திருடனுக்கும் தெரியும். சாவிக் கொத்தில் வீட்டு முகவரியை எழுதிக் கட்டாதீர்கள். பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசி ஒட்டி மேலும் கெடும். பென்சில் கரித்தூள் கொஞ்சம் போதும்.

இன்னொன்று, உயிர் காக்கும் விஷயம். திருடனுக்குப் பயந்து போட்ட கிரில், தீப்பிடித்தால் நமக்கே கூண்டாகிவிடும். இரவில் கிரில் சாவியை ஒரே இடத்தில், வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், ஆணியில் மாட்டி வையுங்கள். இருட்டிலும் தடவி எடுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

பத்து வாய்ப் பூட்டு

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்களா? பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா உங்கள் தாமானிலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

குடிபோன முதல் வாரமே பக்கத்து வீட்டு மக்சிக்கிடமும் எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டியிடமும் ஒரு தட்டு முறுக்கோடு போய் அறிமுகமாகிக் கொள்ளுங்கள். என் தங்கை இப்போது அப்படித்தான் செய்திருக்கிறாள். புதுப் பூட்டும் மாட்டிவிட்டாள். அவள் வேலைக்குப் போனபின் வாசலில் அந்நியர் யாராவது நின்றால், "சியாப்பா? சாரி சியாப்பா?" என்று மக்சிக்கின் குரல் கேட்கிறதாம்.

லயத்தில் நாம் விட்டுவந்த அந்தப் பத்து வாய்ப் பூட்டைத் தாமானிலும் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கு முன், அடுத்த முறை புது வீட்டில் பால் பொங்குவதற்குள், பூட்டை மாற்றிவிடுங்கள்!