நர்ஸ் படிப்பு: செலவும் பலனும்

விதை வாங்கும் விவசாயி, மூட்டையில் தைத்திருக்கும் நீலநிறச் சான்று அட்டையைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கத் தவறுவதில்லை. ஆனால் பெற்ற மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கும்போது மட்டும் நம்மில் பலர் ஒன்றையும் விசாரிப்பதில்லை.

கல்வராயன் மலையில் ஓர் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒரு தகப்பனார் தம் மகளின் சான்றிதழை என்னிடம் காட்டினார். மரவள்ளி விற்ற பணத்தோடு நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, ஓராண்டு படிக்க வைத்திருந்தார். “துணைச் சுகாதார நிலையத்தில் வேலை கிடைக்குமாங்க, ஐயா?” என்று கேட்டார். அந்தச் சான்றிதழைக் கொண்டு நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளவே இயலாது என்று நான் சொல்ல நேர்ந்தது. அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசாமல் அதை மடித்து உறையில் இட்டுக்கொண்டாள். இன்னொரு குடும்பத்திற்கு இந்நிலை வரலாகாது என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

படிப்புகளின் வகை

நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு நம் நாட்டில் மூன்று அடிப்படைப் படிப்புகள் உள்ளன. துணை நர்ஸ் படிப்பு 2 ஆண்டு. இதில் தேறியவரே கிராம சுகாதார நர்ஸ் ஆகலாம். டிப்ளமா 3 ஆண்டு. பி.எஸ்ஸி. பட்டம் 4 ஆண்டு. இவற்றின் பாடத்திட்டம் 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. இக்கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023 இல் சட்டம் இயற்றப்பட்டது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்துத் தேறியவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்வர். இப்பதிவே விதை மூட்டையின் சான்று அட்டைக்கு ஒப்பானது.

இவையன்றி, சமுதாயக் கல்லூரிகளிலும் தனியார் நிலையங்களிலும் ‘சுகாதார உதவியாளர்’, ‘நர்சிங் உதவியாளர்’ என்ற பெயர்களில் ஓராண்டுப் படிப்புகள் நடைபெறுகின்றன. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டுப் பட்டம் பெற்று, உரிமத் தேர்விலும் தேறியவர் பதிவு பெற்ற நர்ஸ் ஆகிறார். 1952 இல் சோதனையாகத் தொடங்கிய முறை அது. இங்குள்ள ஓராண்டுப் படிப்பு அத்தகையதன்று. நோயாளிக்கும் முதியோருக்கும் துணை நிற்க அது உதவும். அந்த வேலையும் மதிப்பிற்குரியதே. ஆயினும் அதைப் படித்தவர் நர்ஸ் ஆகமாட்டார்.

வரவு செலவுக் கணக்கு

கணக்கிற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பிற்குச் செலவு 60,000 ரூபாய். பின் மாதச் சம்பளம் 8,000 ரூபாய். பிளஸ் டூ முடிந்த பின் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டால், 9 ஆண்டுச் சம்பளம் 8,64,000. செலவு போக மிச்சம் 8,04,000 ரூபாய்.

தனியார் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமாவிற்கு, விடுதி உட்பட 3,00,000 ரூபாய் எனக் கொள்வோம். மாதச் சம்பளம் 15,000. ஏழாண்டுச் சம்பளம் 12,60,000. செலவு போக மிச்சம் 9,60,000. வித்தியாசம் 1,56,000 ரூபாய்தான். செலவு முழுவதும் கடனானால், வட்டியே இவ்வித்தியாசத்தை விழுங்கிவிடவும் கூடும். ஆகவே முதல் பத்தாண்டில் பெரும் லாபம் எதிர்பார்க்க வேண்டாம். அதன் பின்னரோ ஆண்டுதோறும் 84,000 ரூபாய் கூடுதலாக வரும். அரசினர் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு பெரிதும் குறைந்து, பலன் முன்னதாகவே தெரியும். நடுவில் படிப்பை நிறுத்தினால் கட்டிய பணம் முழுவதும் நஷ்டமே.

சம்பளத்தைப் பற்றியும் மிகையாக எண்ணலாகாது. அரசு மருத்துவமனைகளுக்கு 2015 இல் தேர்வான ஒப்பந்த நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்திலேயே தொடங்கினர். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என, உச்சநீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு 2016 இல் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கையில் வாங்கும் சம்பளம் வேறு. ஆதலால் அக்கம்பக்கத்து மருத்துவமனைகளில் உண்மையாகத் தரப்படும் சம்பளத்தை விசாரித்தே கணக்கிட வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, பத்தாம் வகுப்பு முடிந்ததுமே முடிவெடுக்க வேண்டும். பி.எஸ்ஸி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் அவசியம். பிளஸ் டூ முடிந்த பின் வருந்திப் பயனில்லை.

இரண்டாவது, மலையாளி மக்கள் பழங்குடியினர் சான்றிதழை முன்கூட்டியே பெற வேண்டும். அதை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரி. விசாரணைக்குக் காலம் பிடிக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படாத பழங்குடி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு, 2022 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

மூன்றாவது, கந்து வட்டிக்குப் போகவேண்டாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4,00,000 ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டிற்குப் பின்னரே தவணை தொடங்கும்.

நான்காவது, பணம் கட்டுமுன் நிலையத்தாரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதைப் படித்தால் என் மகள் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளலாமா?” வாய்ச்சொல்லை நம்பாமல் அங்கீகார உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், குழுமத்திலும் விசாரியுங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே முதல் நாள் கிராம சபை, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மேற்படிப்பை நாடும் காலத்தில் கூடுகிறது. அங்கீகாரம் பெற்ற நர்சிங் பள்ளிகளின் பெயர்களை அன்று படித்துக் காட்டுங்கள். அதற்கென்று தனிச் செலவு ஏதுமில்லை.

மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே நம் ஊர்ப் பேச்சு அறிந்த, நம் மலையிலேயே பிறந்த பெண் நர்ஸாக வந்தமர்ந்தால், மழை இரவில் பிரசவ வலி கண்டவளுக்குக் கிடைக்கும் துணையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அந்த நாள் வரவேண்டுமானால், முதற்கணக்கைத் தவறில்லாமல் போடுவோம்.