அண்ணன் கொடுத்த கேசட்

ரொட்ரீகஸின் ‘கோல்ட் ஃபேக்ட்’ இசைத்தட்டை முதலில் எப்போது கேட்டீர்கள்? அறுபதைத் தாண்டிய ஒரு தென்னாப்பிரிக்க வெள்ளையரிடம் இதைக் கேட்டால், பதிலில் பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நிற்பார். அண்ணன் வைத்திருந்தான். பள்ளி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் வைத்திருந்தான். பட்டாளத்தில் கூட இருந்தவன் கேசட்டில் பதிந்து கொண்டுவந்தான். வருடம் மறந்துபோயிருக்கும், ஊர் குழம்பும், கொடுத்த கை மட்டும் நினைவில் இருக்கும்.

இதே கேள்வியை இன்று இருபத்தைந்து வயதுக்காரரிடம் கேளுங்கள். அவர் கேப் டவுனில் இருந்தாலும் ஸ்டாக்ஹோமில் இருந்தாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “படம் பார்த்தேன்.”

நானும் படம் பார்த்தவன்தான். 2013இல் ஆஸ்கர் வாங்கிய ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ வழியாகத்தான் அந்தக் குரல் எனக்கு வந்தது. அன்றுமுதல் அவர் பாட்டுகளைக் கேட்காத மாதம் எனக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பழைய ரசிகர்கள்மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. ஒன்றும் தெரியாமல் அந்தப் பாட்டைக் கேட்கும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது.

சிக்ஸ்டோ ரொட்ரீகஸ் 1942 ஜூலை 10 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தார். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஆறாவது பிள்ளை என்பதால் அந்தப் பெயர். ஆற்றோரத்து மதுக்கடை ஒன்றில், கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தவரை மைக் தியடோர், டென்னிஸ் காஃபி என்ற இரு தயாரிப்பாளர்கள் கண்டெடுத்தார்கள். 1970 மார்ச்சில் சசெக்ஸ் நிறுவனம் ‘கோல்ட் ஃபேக்ட்’டை வெளியிட்டது. அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில் பதிவான ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’க்கும் அதே கதி. 1975இல் சசெக்ஸே மூடப்பட்டது. அவர் கட்டடம் இடிக்கும் வேலைக்கும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்கும் போய்விட்டார்.

அந்தத் தட்டு தென்னாப்பிரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பல கதைகள் இருக்கின்றன. காதலனைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கப் பெண் பெட்டிக்குள் கொண்டுவந்தாள், அதிலிருந்து நண்பர்கள் பிரதி எடுத்தார்கள் என்பது அவற்றில் பேர்போனது. உண்மையோ இல்லையோ, அந்தக் கதையிலும் பாட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகிறது. பிறகு உள்ளூர் நிறுவனங்கள் தட்டை முறையாகவே வெளியிட்டன. இரண்டாவது தட்டு ‘ஆஃப்டர் தி ஃபேக்ட்’ என்று அங்கே வேறு பெயரில் வந்தது.

நிறவெறி அரசின் காலம் அது. தொலைக்காட்சியே 1976 ஜனவரியில்தான் அந்த நாட்டுக்குள் வந்தது. வானொலி அரசின் பிடியில் இருந்தது. ஒலிபரப்புக் கழகத்தின் கிடங்கிலிருந்த ‘கோல்ட் ஃபேக்ட்’ தட்டு ஒன்றை அந்தப் படத்தில் காட்டுகிறார்கள். போதைப்பொருளைப் பற்றிய ‘சுகர் மேன்’ பாட்டு இருக்கும் இடத்தில் கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள், மறந்தும் யாரும் ஒலிபரப்பிவிடக் கூடாது என்று. தட்டின் முதல் பாட்டே அதுதான். படத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி அது. ஒரு பாட்டுக்குப் பயந்து, ஒரு அலுவலர் மேசை முன் உட்கார்ந்து, நிதானமாக அதன் வரிப்பள்ளங்களைச் சுரண்டியிருக்கிறார்.

வானொலியில் வராத பாட்டு வீடுகள் வழியாகப் பரவியது. 1967இலிருந்து வெள்ளை இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை. முதலில் ஒன்பது மாதம், 1977க்குள் அது இரண்டு வருடமாக நீண்டது. பள்ளி முடித்த பையன்களை நமீபியா, அங்கோலா எல்லைக்கு அனுப்பினார்கள். பாசறையில் ஒரு கேசட் இருந்தால் அது ஐம்பது பேருக்கான கேசட். ஊர் திரும்பும்போது ஒவ்வொருவனும் தன் ஊருக்கு அதை எடுத்துப்போனான். அங்கே தம்பிமார் காத்திருந்தார்கள். ப்ராய் என்று அவர்கள் சொல்லும் கொல்லைப்புறத்து இறைச்சி விருந்துகளில் அது ஓடிக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட்டது.

அந்தப் பையன்களுக்கு அதில் என்ன கிடைத்தது? ‘ஐ வொண்டர்’ பாட்டில், வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத கேள்விகளை ஒருவன் கூச்சமில்லாமல் கேட்டான். ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்’ மேயரிலிருந்து மாஃபியாவரை எல்லாரையும் நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி இப்படிப் பேசலாம் என்பதே அவர்களுக்குப் புதிது. 1989இல் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே அரசை எதிர்த்துப் பாடக் கிளம்பிய ‘ஃபூல்ஃப்ரை’ இசைக்காரர்களில் சிலர், தாங்கள் ரொட்ரீகஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தவறு. இந்த நினைவுகள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையர் வீட்டு நினைவுகள். சொவேட்டோவில் 1976இல் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டபோது அவர்கள் நாவில் இருந்தவை வேறு பாட்டுகள். நிறவெறியை ரொட்ரீகஸ் அசைத்தார் என்று சொல்வது, அதை உயிர்கொடுத்து அசைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அரசு தனக்கென்று வளர்த்த பிள்ளைகளின் அறைக்குள் போய் அவர் ஒரு சந்தேகத்தை விதைத்தார். அதுவே சின்ன வேலை இல்லை.

பாட்டு முழுக்கத் தெரிந்த அந்த ரசிகர்களுக்குப் பாடியவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உறையில் ஒரு படம்: ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள். கண்கூடத் தெரியாது. பாட்டு எழுதியவர் பெயரைப் பார்த்தால் ஓரிடத்தில் ‘ஜீசஸ் ரொட்ரீகஸ்’, இன்னோரிடத்தில் ‘சிக்ஸ்த் பிரின்ஸ்’. எது அவர் பெயர்? பத்திரிகையில் பேட்டி கிடையாது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்திருந்த நாட்டுக்கு வெளியிலிருந்து செய்தியும் சரியாக வராது. ஆகவே அவர்களே கதை கட்டிக்கொண்டார்கள், எல்லாமே சாவுக் கதைகள். மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார், தன்மேல் தீ வைத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். அத்தனை துக்கமாகப் பாடியவர் உயிரோடு இருக்க முடியாது என்று நினைத்தார்கள்போல.

இதில் வேதனை என்னவென்றால், அவர்கள் அவருக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த 1979இல் அவர் ஆஸ்திரேலியாவில் மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தார். சிட்னி வானொலியில் ஒலிபரப்பப்பட்ட ‘சுகர் மேன்’ அங்கேயும் அவருக்கு ரசிகர்களைத் தேடிக் கொடுத்திருந்தது. 1981இல் இன்னொரு முறையும் போய்வந்தார். அந்தப் படம் இந்த ஆஸ்திரேலியப் பயணங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக விட்டிருப்பார்கள். எனக்கு அது மனத்தாங்கல்தான்.

தென்னாப்பிரிக்க ரசிகர்களுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. நம் வீட்டிலேயே இந்தத் தட்டு இருக்கிறதென்றால் அமெரிக்காவில் எவ்வளவு புகழ் இருக்கும்! 1990களின் நடுவில், கேப் டவுன் கடற்கரையில் ஸ்டீஃபன் செகர்மன் என்ற ரசிகரிடம், அமெரிக்காவில் குடியேறிவிட்ட தோழி ஒருத்தி ‘கோல்ட் ஃபேக்ட்’ எங்கே வாங்கலாம் என்று விசாரித்தாள். உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமே என்றார் அவர். அங்கே அந்தப் பெயரையே யாரும் கேட்டதில்லை என்றாள். கால் நூற்றாண்டு நம்பிக்கை அந்த மணலிலேயே உடைந்தது. 1996இல் இரண்டாம் தட்டு குறுந்தகடாக வந்தபோது, இவரைக் கண்டுபிடித்துத் தர யாரும் இல்லையா என்ற கேள்வியை செகர்மன் அதன் உறைக்குறிப்பிலேயே போட்டார். கிரெய்க் பார்த்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளரும் அதே தேடலில் இறங்கினார். ஒரு பாட்டில் வரும் ‘டியர்பார்ன்’ என்ற ஊர்ப்பெயர் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுசென்றது. 1997இல் மைக் தியடோரைத் தொலைபேசியில் பிடித்து, ரொட்ரீகஸ் எப்படி இறந்தார் என்று கேட்டார். இறக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது.

1998 மார்ச்சில், கேப் டவுனை அடுத்த பெல்வில்லில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவர் மேடையேறினார். கூட்டம் அவரைப் பாடவிடவில்லை, ஆரவாரம் ஓயவே வெகுநேரம் ஆனது. கேசட்டில் தேய்ந்த குரல் உடம்போடு வந்து நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதற்குப் பிறகு வந்ததுதான் படம். மாலிக் பென்ஜெலூல் என்ற சுவீடன் இளைஞர் எடுத்தது, 2012இல் வெளியானது. அன்றிலிருந்து ரசிகர்கள் நுழையும் வாசலே மாறிவிட்டது. முன்பு பாட்டு வந்து கால் நூற்றாண்டு கழித்து ஆள் வந்தார். இப்போது ஆள் முதலில் வருகிறார். அவருடைய ஏழ்மை, அவர் பட்ட அநீதி, அவர் மகள்கள், பனியில் தள்ளாடி நடக்கும் அந்த நடை எல்லாம் வந்த பிறகுதான் பாட்டு வருகிறது. படம் முடிந்த கையோடு கைபேசியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். செகர்மன் பங்குதாரராக இருந்த ‘மாபு வைனல்’ கடைக்கு வெளிநாட்டவர் தேடிவந்தார்கள்.

இந்த மாற்றம் பாட்டையே மாற்றிவிடுகிறது என்பதற்கு ‘காஸ்’ ஒன்றே போதும். இரண்டாம் தட்டின் கடைசிப் பாட்டு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலை பறிபோனவனின் குரல் அதில் வருகிறது. அதைப் பாடிப் பதிந்த பிறகு, அதேபோல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு சசெக்ஸ் அவரைக் கைவிட்டது என்கிறது படம். இது தெரிந்த பிறகு என்னால் அந்தப் பாட்டை வெறும் பாட்டாகக் கேட்க முடிவதே இல்லை, முதல் அடியிலேயே தொண்டை அடைக்கிறது. பாசறையில் படுத்துக்கொண்டு கேட்ட பையனுக்கு அது யாரோ ஒருவனின் துக்கம். அதற்குள் அவன் தன் வீட்டை, தன் பயத்தை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. எனக்கு அந்த இடத்தில் ரொட்ரீகஸே உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அந்தக் காலத்துக்காக ஏங்கும்போதெல்லாம் இன்னொரு கணக்கும் கூடவே வந்து நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் அந்தத் தட்டு ஐந்து லட்சம் பிரதிகள்வரை விற்றிருக்கலாம் என்று படத்தில் ஒரு மதிப்பீடு சொல்கிறார்கள். பதிந்து கைமாறிய கேசட்டுகள் கணக்கில் வராது. அண்ணன் தம்பிக்குக் கொடுத்த அந்த அன்பான கேசட்டில் பாடியவனுக்கு ஒரு காசு இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய தட்டின் பணமும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. அத்தனை வீடுகளில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்த வருடங்களில் அவர் டெட்ராய்ட்டில் குளிர்சாதனப் பெட்டிகளை முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஏலத்தில் ஐம்பது டாலருக்கு எடுத்த வீட்டில் குடியிருந்தார். இடையில் படித்துத் தத்துவத்தில் பட்டம் வாங்கினார். தேர்தலிலும் நின்றார், தோற்றார். ரசிகர்கள் ஒன்றும் அறியாமல் இருந்ததன் அழகை நான் ரசிக்கலாம், விலை கொடுத்தவர் அவர்.

ஆகவே படம் வந்தது நல்லதென்றே சொல்வேன். 2008இல் சியாட்டிலின் ‘லைட் இன் தி அட்டிக்’ நிறுவனம் முதல் தட்டை மீண்டும் வெளியிட்டதும், படத்துக்குப் பிறகு எழுபது வயதில் அவர் உலகமெங்கும் பாடப் போனதும் நியாயம் கொஞ்சமாவது திரும்பிவந்த நாட்கள். கண் அழுத்த நோயால் பார்வை மங்கிப்போயிருந்தது. யாராவது கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவருவார்கள். வந்த பணத்தைப் பெரும்பாலும் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் பிரித்துக்கொடுத்துவிட்டு, அதே பழைய வீட்டில்தான் இருந்தார். 2023 ஆகஸ்ட் 8 அன்று, 81ஆம் வயதில் இறந்தார். தென்னாப்பிரிக்காவின் பழைய ரசிகர்கள் அவருக்காக இரண்டாவது முறை அழுதார்கள்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது, எந்நேரமும் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அவளிடம் என் பழைய ஒலிப்பானைக் கொடுத்தேன். ‘கோல்ட் ஃபேக்ட்’ மட்டும் அதில் இருந்தது. பாடியவர் பெயரும் உறைப்படமும் வராதபடி கோப்புகளுக்கு வெறும் எண்களை வைத்திருந்தேன். படத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“சித்தப்பா, யாரு இவரு?”

“முதல்ல பாட்டைக் கேளும்மா.”

“கேட்டேன், நாலு தடவை. ஆறாவது பாட்டுல அழறாரா, கோவப்படறாரா?”

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி காதில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப்போனாள்.